டிராயிங் மாஸ்டரிடம் கேளுங்கள்: பிஸ்ஸாரோவும் சேர்வராயன் மலை வெளிச்சமும்

சேலத்தில் பள்ளி டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி மட்டும்தான் வரைகிறேன், பெரும்பாலும் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் வெளியே உட்கார்ந்து அந்தந்தக் கணத்து வெளிச்சத்தை வரைந்த இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி வேலை செய்தார்கள், நம் ஊர் வெயிலில் அதை எப்படிச் செய்வது, இதெல்லாம் கேளுங்கள். தஞ்சாவூர் ஓவியம், முகம் வரைவது, ஏல விலை எல்லாம் என் துறை இல்லை.

அழகாபுரம் வாசகர்: எல்லோரும் மோனே மோனே என்கிறார்கள். நீங்கள் மட்டும் எப்போதும் பிஸ்ஸாரோ என்கிறீர்களே, ஏன் மாஸ்டர்?

மோனே பெரிய ஆள்தான், யார் இல்லை என்றது? லெ ஹாவ்ர் துறைமுகத்தில் அவர் வரைந்த படத்துக்கு 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' என்று தலைப்பு, அதைப் பிடித்துக்கொண்டுதான் 1874ல் லூயி லெராய் என்ற பத்திரிகைக்காரர் இந்தக் கூட்டத்தையே இம்ப்ரஷனிஸ்டுகள் என்று கிண்டலடித்தார். ஆனால் 1874லிருந்து 1886 வரை இந்தக் கூட்டம் நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் படம் வைத்தவர் கமில் பிஸ்ஸாரோ ஒருவர்தான். மற்றவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள், இவர் இருந்த இடத்தில் இருந்தார்.

1830ல் கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர், அதாவது நம்மைப் போல வெயிலில் வளர்ந்த கண். 1870ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்ததும் குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடினார். லூவ்சியன் ஊரில் விட்டுவிட்டுப் போன வீட்டில் பிரஷ்யப் படை தங்கியது, அதுவரை அவர் வரைந்து வைத்திருந்த படங்களில் பெரும்பகுதி நாசம், சேற்றில் கால் வைக்கப் பலகை மாதிரி போட்டு மிதித்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. கையில் காசில்லை, குழந்தைகள் வேறு. மறுபடி ஆரம்பித்தார். பொந்துவாஸில் அவர் பக்கத்தில் நின்று வரைந்து கற்றுக்கொண்டவர்களில் ஓவியர் செசான் ஒருவர்.

என்ன வரைந்தார் என்று பாருங்கள். முட்டைக்கோஸ் தோட்டம், ஊர்ப் பாதை, களை எடுக்கும் பெண்கள். அழகான இடம் தேடி அவர் அலையவில்லை. நம் ஆட்கள் ஏற்காடு போனால் லேடீஸ் சீட்டிலும் படகுத்துறையிலும் வரிசை கட்டுகிறார்கள். பிஸ்ஸாரோ வந்திருந்தால் நாகலூர் ரோட்டில் மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரம், பின்னால் தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டுக் கூரை, இது போதும் என்று ஸ்டூலைப் போட்டிருப்பார். நான் எல்லோருக்கும் சொல்வதும் அதுதான்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், இடம் பழகினால்தான் வெளிச்சம் மாறுவது தெரியும்.

கடைசிக் காலத்தில் கண்ணீர்ப் பையில் சீழ் வைத்து, காற்றும் தூசியும் ஆகாது என்றாகிவிட்டது. ஹோட்டல் அறையின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வரைந்தார். 1897ல் பாரிஸ் மோன்மார்த் சாலையை ஒரே ஜன்னலிலிருந்து 14 படங்கள்! காலை, மழை, இரவு என்று.

குகை வாசகர்: ஆரம்பிப்பவன் என்ன கலர் வாங்கலாம்?

டைட்டானியம் ஒயிட் பெரிய ட்யூப், அல்ட்ராமரைன், விரிடியன், காட்மியம் எல்லோ, காட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன், எல்லோ ஓக்கர். கறுப்பு வேண்டாம். மலைப் பச்சையை ட்யூபிலிருந்து அப்படியே எடுக்காமல் நீலமும் மஞ்சளும் கலந்து துளி சிவப்பு விடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் செடி மாதிரி கத்தும். சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள், காட்மியம் நல்லதல்ல.

இன்னொன்று, கலரை விட முக்கியம். லின்சீட் ஆயில் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது, அப்போது சூடு பிறக்கும். சுருட்டின துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ஜங்ஷன்: வாட்டர்கலரில் மேகம் வரைய டிப்ஸ்?

வாட்டர்கலர்காரரைக் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி: போனில் போட்டோ எடுத்து வந்து வீட்டில் நிதானமாக வரையக் கூடாதா?

வரையலாம், போட்டோ வரும். போன் கேமரா ஒன்று நிழலை அடைத்துக் கறுப்பாக்கும், இல்லாவிட்டால் நிழல் வானம் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடும். நிழலுக்குள்ளே இருக்கும் நிறத்துக்காகத்தானே வெயிலில் போய் உட்காருகிறோம்? மரம் எங்கே, ரோடு எங்கே என்று நினைவு வைத்துக்கொள்ள மட்டும் போன்.

அம்மாபேட்டைக்காரர்: நிழலுக்குக் கறுப்பு போடாதே, நீலமும் ஊதாவும் போடு என்று எல்லா இடத்திலும் சொல்கிறீர்கள். நான் நெசவுக்காரன், நிறத்தில்தான் என் பிழைப்பு. எங்கள் வாசலில் வெள்ளை வேட்டி காய்கிறது, அதில் விழும் நிழல் சாம்பல்தான். பிரான்ஸ்காரன் கண்ணை எங்கள் மேல் ஏற்றாதீர்கள்.

அப்படிக் கேளுங்கள்! வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒன்று வானத்திலிருந்து, இன்னொன்று தரையிலிருந்து தெறித்து. வானம் நீலமாக இருந்தால் நிழலில் நீலம் ஏறத்தான் வேண்டும். மோனே 1869 வாக்கில் பனிமேல் ஒரு மேக்பை பறவையை வரைந்தார், வேலியின் நிழல் அதில் நீலம். உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம், இது வெள்ளை வேட்டி என்று மூளை முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. கறுப்பு அட்டையில் பென்சில் போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே வெயில் பட்ட இடத்தையும் நிழல் பட்ட இடத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

கன்னங்குறிச்சி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் ரெனுவாரே கறுப்பு போட்டிருக்கிறாரே?

போட்டார். 1874ல் நாடக அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உடை, அருமையான கறுப்பு. துணி கறுப்பென்றால் கறுப்பு போடுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்துக்கெல்லாம் கறுப்பைக் குழப்பித் தடவாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அம்மாபேட்டைக்காரர்: அட்டையில் ஓட்டை போட்டுப் பார்த்தேன். காலையில் நீலம் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். மதியம் மேகம் மூடியதும் ஒன்றுமில்லை, சாம்பல். வேட்டியின் கீழ்ப்பக்கம் எப்போதும் செம்மண் நிறமாகத்தான் இருக்கிறது. அப்போ உங்கள் ஊதா விதி எங்கே போயிற்று?

விதி என்று நான் சொல்லவே இல்லை! மேகம் மூடினால் நீல வானம் இல்லை, நீல நிழலும் இல்லை. கீழே செம்மண் தெறிக்கிறது, அதனால் சிவப்பு. சுண்ணாம்புக்கரட்டுப் பக்கம் வெள்ளை மேக்னசைட் கல் குவியலுக்கு அருகில் நின்றால் நிழலே வெளுத்துக் கிடக்கும். ஊதாவைப் போடு என்பதைச் சூத்திரமாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான் ஏற்காட்டை பிரான்ஸாக்கிவிடுகிறார்கள், அவர்களோடு எனக்கும் சண்டைதான். சேலத்தில் ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நிழல் மரத்தடியிலேயே சுருண்டுவிடும். பாரிஸில் ஒருநாளும் அப்படி இல்லை, கோடையில் மாலை வெளிச்சம் அங்கே இழுத்துக்கொண்டு கிடக்கும். இங்கே மளமளவென்று இருட்டிவிடும். கை வேகமாக ஓட வேண்டும்.

அம்மாபேட்டைக்காரர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கள் மயில்கழுத்து நிறம் மாதிரிதான், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம், தள்ளி நின்றால் மூன்றாவது நிறம்.

பிடித்துவிட்டீர்கள். இந்தக் கதையே சாயப்பட்டறையில்தான் ஆரம்பம். செவ்ரல் என்ற வேதியியல்காரர் பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் வைத்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்தது. 1839ல் அதைப் புத்தகமாகப் போட்டார். பிஸ்ஸாரோ 1880களின் நடுவில் சொரா என்ற ஓவியரோடு சேர்ந்து, நிறங்களைக் கலக்காமல் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்ததற்கு அடிப்படையும் இதுதான். சில வருஷம் விடாமல் செய்தார், வேலை ரொம்ப மெதுவாகிறது, பார்த்த கணத்தின் உணர்ச்சி செத்துப்போகிறது என்று விட்டுவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் பாணியை மாற்றி, வாங்குகிறவர்களையும் இழந்து, பழைய வழிக்கே திரும்பி வந்தார்.

சூரமங்கலம்: மாஸ்டர், எந்த கலர் செட் நல்லது?

மேலே குகைக்காரருக்குச் சொன்னது.

ஐந்து ரோடு: ஆரம்பிக்க எத்தனை கலர் வேண்டும்?

மேலே. துணியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

கோரிமேடு: ஏற்காட்டில் எப்போது, எங்கே உட்காரலாம்?

மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் வேண்டாம். கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காப்பி பூக்கும், தோட்டம் முழுக்க வெள்ளை, வாசனை மல்லிகை மாதிரி, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதைப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள். தோட்டத்துக்குள் போக முதலாளியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கேட்டுவிட்டுப் போங்கள், விடியற்காலையிலும் சாயங்காலமும் காட்டெருமை வரும். கேன்வாஸ் மேல் நேர் வெயில் படக் கூடாது, பட்டால் எல்லாவற்றையும் கறுப்பாக வரைந்துவிட்டு வீட்டில் வந்து முழிப்பீர்கள். கலர் குடையும் வேண்டாம், அதன் நிறம் படத்தில் ஏறும்.

செவ்வாய்ப்பேட்டை: உயிரோடு இருக்கும்போது விற்காமல் செத்த பிறகு விலை ஏறியவர்கள் உண்டா?

இம்ப்ரஷனிஸ்ட் கூட்டத்து சிஸ்லே. 1899 ஜனவரியில் மொரே ஊரில் வறுமையில் இறந்தார். அவர் வரைந்த போர்மார்லி ஊர் வெள்ளப் படம் அடுத்த வருஷமே 43,000 பிராங்குக்குப் போனது. உங்கள் படத்தை என்ன விலைக்குக் கொடுப்பது என்று அடுத்த கேள்வி வரும், அது கேலரிக்காரரிடம்.

மஞ்சக்குட்டை: ஐப்பசி கார்த்திகையில் வரைந்த படத்தில் பூஞ்சை வருகிறது. வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

உடனே அடிக்காதீர்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காயாது. மெல்லிய பூச்சுக்கே ஆறு மாதம் விடுவது நல்லது. சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல் பின்பக்கம் காற்றுப் போக இடைவெளி விடுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முடிந்தால் மழைக்காலத்துக்குப் படங்களை அடிவாரத்துக்கு இறக்கிவிடுங்கள்.