இரண்டு தோல்விகளும் ஐந்து மனிதர்களும்

அன்புள்ள ஐயா,

சார்லட் நகரில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். மகனுக்குத் துணையாக அமெரிக்கக் கால்பந்து பார்க்க உட்கார்ந்தவன், இப்போது அவனைவிடத் தீவிரமான கரோலினா பேந்தர்ஸ் ரசிகனாகிவிட்டேன். இந்த 2025 பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுவிட்டோம். ஜாக்சன்வில் 26-10, அரிசோனா 27-22. இப்படித் தொடங்கும் அணிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகிறதாம். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் உயரம் குறைந்தவர், மூன்றாம் ஆண்டாகியும் தேறவில்லை, அவரை உட்காரவைத்துவிட்டு மாற்று வீரர் ஆண்டி டால்டனை இறக்க வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வரும் ஞாயிறு இங்கே நடக்கும் அட்லாண்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். விற்றுவிடலாமா? வேறு அணிக்கு மாறிவிடலாம் என்கிறான் மகன்.

கே., சார்லட்

அன்புள்ள கே.,

அரிசோனா ஆட்டத்தைப் பார்த்து முடித்ததிலிருந்து என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். மகனுக்காக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்ட தகப்பன் என்ற வகையில் உங்கள் மீது எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் "எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் மன்னிப்பதாக இல்லை. இரண்டு ஆட்டங்களையும் முழுதாகப் பார்த்தவர் நீங்கள். அலுவலகத்தார் சொல்வதைக் கேட்டு உங்கள் கண்ணை ஏன் அடகு வைக்கிறீர்கள்?

உயரத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். குவார்ட்டர்பேக்குகளான ட்ரூ பிரீசும் ரஸ்ஸல் வில்சனும் உயரமானவர்களா? இருவரும் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்றவர்கள். பத்தில் ஒன்று என்ற கணக்கும் அப்படித்தான். 1993இல் டாலஸ், 2001இல் நியூ இங்கிலாந்து, 2007இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய மூன்று அணிகளும் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு அதே பருவத்தில் சாம்பியன் ஆனவை.

நான் பேச விரும்புவது வேறு. அரிசோனாவிடம் ஒரு கட்டத்தில் 27-3 என்று பின்தங்கியிருந்த அணியை 27-22 வரை இழுத்து வந்தவர் நீங்கள் உட்காரவைக்கச் சொல்லும் அதே யங்தான். அந்த ஆட்டத்தில் வலது கார்டு ராபர்ட் ஹன்ட்டும் சென்டர் ஆஸ்டின் கார்பெட்டும் காயப்பட்டு வெளியேறினார்கள். முதல் ஆட்டத்திலோ இடது டேக்கிள் இக்கெம் எக்வோனு, குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆட முடியாமல் இருந்தார். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. யங்கைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேரில் மூன்று பேர் இந்த இரண்டு வாரங்களுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் களத்தில் இல்லை. பின்னால் நிற்பவரை மட்டும் குறை சொல்கிறீர்கள்.

நடுவே சென்டர், இரு புறமும் கார்டு, இரு கோடியிலும் டேக்கிள் என்ற இந்த ஐவரும் ஒரே உடம்பைப் போல இயங்கியாக வேண்டும். எதிரணித் தடுப்பாளர்கள் நேராக வருவதில்லை. ஒருவன் உள்ளே வெட்டுவான், இன்னொருவன் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி வருவான். அந்த நொடியில் கார்டு தன் ஆளை டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்தவனை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வாய்ப்பேச்சு உதவாது. தோளோடு தோள் நின்று, முழுக் கவசத்துடன் மோதிப் பழகினால்தான் அது வரும். 2011இல் வீரர் சங்கத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம் ஒரே நாளில் இரண்டு முறை கவசப் பயிற்சி நடத்துவதை நிறுத்தியது, பருவம் தொடங்கிய பிறகு கவசப் பயிற்சிகளை 14க்குள் அடக்கியது. வீரர்களின் உடல்நலத்தை நினைத்தால் அது நியாயமான ஒப்பந்தம். 2021இல் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களும் நான்கிலிருந்து மூன்றாகின, அவற்றிலும் முதல் வரிசை வீரர்கள் பெரிதாக ஆடுவதில்லை. ஆகவே இந்த ஐவரும் உண்மையாகப் பழகத் தொடங்குவதே செப்டம்பரில்தான். அந்தப் பழக்கத்தின் விலையை உடம்பால் கொடுப்பவர் குவார்ட்டர்பேக். 2023இல், தன் முதல் பருவத்தில், யங் பந்தை வீசும் முன்பே 62 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். அவரைத் தேர்ந்தெடுப்பதற்காக டி.ஜே. மூரையும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பல டிராஃப்ட் இடங்களையும் சிகாகோவுக்குக் கொடுத்த நிர்வாகம், பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கைப் பதினோரு ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டுதான் ஹன்ட்டுக்குப் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்துச் சுவரைக் கட்டத் தொடங்கினார்கள்.

அந்த 2024ஐ நீங்கள் மறந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம். முதல் ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸ் நம்மை 47-10 என்று நொறுக்கியது. அடுத்து சார்ஜர்ஸ் 26-3. உடனே யங்கை உட்காரவைத்து, நீங்கள் இப்போது கேட்கும் அதே டால்டனை இறக்கினார்கள். அதே நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ் இரண்டாம் வாரம் டாலசுக்கு எதிராக 44 புள்ளிகள் எடுத்தது. நாடே அந்த அணியைக் கொண்டாடியது. பருவ முடிவில் நியூ ஆர்லியன்ஸ் 5-12, அதாவது ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. பேந்தர்சும் 5-12. நவம்பரில் மீண்டும் சந்தித்தபோது, திரும்பி வந்த யங் 23-22 என்று வென்றார், மறுநாளே நியூ ஆர்லியன்ஸ் தன் பயிற்சியாளர் டென்னிஸ் ஆலனை நீக்கியது. யங் எப்படித் திரும்பினார் என்பது நினைவிருக்கிறதா? நிர்வாகம் யோசித்துத் திருத்திக்கொள்ளவில்லை. டால்டன் ஒரு கார் விபத்தில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்டார், வேறு வழியில்லாமல் யங்கை அழைத்தார்கள். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44-38 என்று வீழ்த்தியவரும் அவரே. ஓர் இளைஞனின் தொழில்வாழ்க்கை விபத்தை நம்பி நிற்கலாமா? அதே தவற்றைச் சரியாக ஓராண்டு கழித்து மறுபடியும் செய்யச் சொல்கிறீர்கள்.

2007 செப்டம்பரில் நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தேன். ஜயன்ட்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களில் 80 புள்ளிகள் விட்டுக்கொடுத்திருந்தது. பயிற்சியாளர் டாம் காஃப்லினை நீக்க வேண்டும், குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் தன் அண்ணனின் நிழலுக்குக்கூடத் தகுதியில்லாதவர் என்று மதிய உணவு மேசையில் தினமும் வசை நடந்தது. எங்கள் பிரிவில் ஒரு மூத்த மேற்பார்வையாளர் இருந்தார், பள்ளி நாட்களில் கார்டாக ஆடியவர். அவர் மட்டும் அந்த வசையில் சேரமாட்டார். டேவிட் டீலைக் கார்டு இடத்திலிருந்து இடது டேக்கிளுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவர் கால் பழக ஒரு மாதம் வேண்டும் என்பார். டீல், சூபர்ட், ஓஹாரா, ஸ்னீ, மெக்கென்சி என்று இடமிருந்து வலமாக ஐந்து பெயர்களையும் சொல்லி, பந்தை மறந்துவிட்டு இவர்களின் பாதங்களைப் பார் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். மூன்றாம் வாரம் வாஷிங்டன் அணியை எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் கடைசி நிமிடத்தில் தடுத்து 24-17 என்று வென்றது ஜயன்ட்ஸ். பிப்ரவரியில், அதுவரை 18 ஆட்டங்களையும் வென்றிருந்த நியூ இங்கிலாந்தை 17-14 என்று வீழ்த்தியபோது களத்தில் நின்றவர்களும் அதே ஐவர். அந்த மேற்பார்வையாளரிடம் கற்ற பிறகு, செப்டம்பரில் ஒரு குவார்ட்டர்பேக்கைப் பற்றி யாராவது தீர்ப்புச் சொன்னால், அவர் முன்னால் நின்ற ஐந்து பேரின் பெயர் தெரியுமா என்றுதான் கேட்பேன்.

உங்களுக்குத் தெரியுமா, கே.? ஹன்ட்டையும் கார்பெட்டையும் தவிர்த்து மற்ற மூவரின் பெயரை எழுதிப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு டால்டனைப் பற்றிப் பேசலாம்.

யங் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஜாக்சன்வில் ஆட்டத்தில் அவர் சரியாக ஆடவில்லை. ஆனால் அவரை அளக்க வேண்டுமானால், நிலையான ஒரு சுவருக்குப் பின்னால் எட்டு ஆட்டங்களாவது நிறுத்தி அளக்க வேண்டும். அந்த வாய்ப்பை இந்த அணி அவருக்கு இதுவரை ஒழுங்காகக் கொடுத்ததே இல்லை.

டிக்கெட்டை விற்க வேண்டாம். அணி மாறுவதைப் பற்றி உங்கள் மகனே முடிவு செய்துகொள்ளட்டும், அது அவனுடைய உரிமை. ஆனால் ஞாயிறன்று அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டத்தின் முதல் கால் பகுதி முழுவதும் இருவரும் பந்தைப் பார்க்காதீர்கள். கார்பெட்டின் இடத்தில் நிற்கப்போகும் கேட் மேஸைப் பாருங்கள், அவருக்கு வலப்புறம் வரும் புதிய கார்டைப் பாருங்கள், யங்குக்கு மூன்று நொடி கிடைக்கிறதா என்று பையனை எண்ணச் சொல்லுங்கள். கிடைத்தும் அவர் தவறவிட்டால் எத்தனை முறை என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.