வட்டிக்காரருக்கு முதலில், வங்கிக்கு அப்புறம்: கேரள எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

மூணு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) 60,000 ரூபாய் வாங்கினேன். மாதம் 1,800 வட்டி மட்டும் கட்டுகிறேன். மகள் படிப்புக்கு மாதம் 1,500 வீதம் வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) 45,000 சேர்ந்திருக்கிறது. அதை உடைக்க மனசு வரவில்லை. (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

உடைத்துவிடுங்கள் அம்மா. அந்த 45,000-க்கு வங்கி வருடத்துக்கு 3,000 சொச்சம் தரும். நீங்கள் கட்டும் வட்டியோ வருடத்துக்கு 21,600. மகளின் படிப்புக் காசு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். 10,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு 35,000-ஐ அசலில் கட்டுங்கள். மீதி 25,000. பழைய 1,800-உடன் ஆர்.டி.க்குப் போன 1,500-ஐயும் சேர்த்து மாதாமாதம் கட்டினால் ஒன்பது மாதத்தில் கணக்கு முடியும். அந்த 10,000 எதற்கென்றால், ஜூனில் பள்ளி திறக்கும், மாட்டுக்கு மடிநோய் வரும், யாருக்காவது காய்ச்சல் வரும். கையில் ஒன்றும் இல்லாதவர்தான் திரும்பவும் பிளேடுக்காரர் (கந்துவட்டிக்காரர்) வாசலுக்குப் போகிறார்.

'துண்டு துண்டாக அசல் வாங்க மாட்டேன், மொத்தமாகக் கொண்டுவா' என்றால், மீதிக்கு வங்கியில் நகையை வைத்து ஒரே தடவையில் தீருங்கள். வங்கி நகைக்கடன் வட்டி 36 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தீர்க்கிற அன்றே வெற்றுக் காசோலை, கையெழுத்துப் போட்ட முத்திரைத்தாள் எல்லாவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். மிரட்டினால் பயப்படாமல் போலீஸுக்குப் போங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2014-இல் 'ஆபரேஷன் குபேரா' என்ற போலீஸ் நடவடிக்கை நடத்திய மாநிலம் கேரளம்.

தேங்காய் விற்ற பணம் இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனை முன்கூட்டியே அடைக்கலாமா? (மீனாட்சிபுரம்)

அவசரம் வேண்டாம். 3 லட்சம் வரை 7 சதவீதம்; கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். அதுவரை பணம் வைப்புநிதியில் இருக்கட்டும். ஆனால் கெடுத் தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும்.

மூணாறு எஸ்டேட்டில் வேலை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். பி.எஃப். எடுத்து வங்கி நகைக்கடனை அடைக்கச் சொல்கிறான் மகன்.

கூடாது. ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். உங்கள் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும்தான் ஊரில் ஒரு கூரைக்கான பணம். 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், நகைக்கடன் வட்டி அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் இந்த வயதில் பி.எஃப். பணத்தைத் தொடக் கூடாது. நகையைச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்கலாம். மகனும் ஒரு பங்கு போடட்டும்.

கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் ஒரு லட்ச ரூபாய்ச் சிட்டி (ஏலச்சீட்டு). இப்போதே தள்ளி (கழிவு கொடுத்து ஏலத்தில்) எடுக்கலாமா? (சித்தூர்)

எதற்கு என்பதுதான் கேள்வி. 30 சதவீதம் தள்ளினால் கைக்கு 70,000 வரும். மூணு வட்டி, வாரத் தண்டல் இரண்டையும் ஒழிக்க என்றால் தாராளமாக எடுங்கள். தண்டலில் 8,500 வாங்கி வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்டுவது வருடத்துக்கு ஏறத்தாழ 160 சதவீத வட்டி; அதற்கு முன்னால் சிட்டித் தள்ளு ஒன்றுமே இல்லை. வண்டி வாங்கவோ விசேஷத்துக்கோ என்றால் கடைசி மாதங்கள் வரை பொறுங்கள். எடுப்பதானால், என்ன ஜாமீன் ஏற்பார்கள் என்று கிளையில் முன்னாடியே கேட்டுவிடுங்கள். ஜாமீன் சரியில்லாமல் ஏலத்தொகை கைக்கு வராமல் நிற்பதுண்டு.