பெட்டியில் 600, டைனோவில் 462: மிச்சக் குதிரைகள் எங்கே?

மதுரை கே.கே. நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, 2017 மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். போன வருஷம் சூப்பர்சார்ஜர் கிட் வரவழைத்து மாட்டினோம். பெட்டியில் 600 எச்பி என்று போட்டிருக்கிறது. கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் வண்டியைக் கோவைக்குக் கொண்டுபோய் டைனோவில் ஏற்றினேன். முதல் ரன் 462, இரண்டாவது 447, மூன்றாவது 428. கிட்டில் ஏமாந்துவிட்டேனா, இல்லை டைனோ பொய் சொல்கிறதா? இன்னும் சின்ன புல்லி போட்டால் 600 வந்துவிடும் என்கிறார் மாட்டிக்கொடுத்தவர். போடலாமா?" கூடவே டைனோ பிரிண்ட் அவுட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். (புதியவர்களுக்கு: எச்பி என்றால் குதிரைத்திறன். டைனோ அதை அளக்கும் மெஷின், ரன் என்றால் அதில் ஒருமுறை முழுதாக அழுத்தி ஓட்டிப் பார்ப்பது. சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, புல்லி அதைச் சுற்றவைக்கும் பெல்ட் சக்கரம்.)

முதலில் நேரடியான பதில். கிட்டும் ஏமாற்றவில்லை, டைனோவும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தப்பான எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள் தம்பி. 600-க்கும் 462-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் கணக்கு இருக்கிறது. 462, 447, 428 என்று ஒவ்வொரு ரன்னிலும் இறங்கிக்கொண்டே போனதே, அதுதான் உங்கள் வண்டியின் நோய். அதைப் பார்க்காமல் புல்லியில் கை வைத்தால் இன்ஜினுக்கு ஆபத்து.

600 கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெட்டியில் இருப்பது கிராங்க்கில், அதாவது இன்ஜின் வெளியே தள்ளும் இடத்தில் சொல்லப்படும் எண். நீங்கள் ஏற்றியது சேசிஸ் டைனோ, அது பின் சக்கரத்தில் வந்து சேர்ந்ததைத்தான் அளக்கும். நடுவே கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டர், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பின்சக்கர ஆட்டோமேட்டிக் வண்டியில் 15 முதல் 20 சதவீதம் போகும் என்று பொதுவாக வைத்துக்கொள்வோம். 17 சதவீதம் என்றால் 600 எச்பி சக்கரத்தில் 498 ஆகிவிடும். ஆக உங்களுக்குக் காணாமல் போனது 138 இல்லை, 36 தான். (சூப்பர்சார்ஜரைச் சுற்றவே இன்ஜின் சக்தி போகுமே, அதையும் கழிக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். 2015-ல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டில் சூப்பர்சார்ஜரைச் சுற்ற மட்டும் சுமார் 80 எச்பி போகும் என்பார்கள், அது போகத்தான் அந்த வண்டிக்கு 707.)

ஃபோர்டு 2016-ல் இந்த மஸ்டாங்கை இந்தியாவில் இறக்கியபோது சொன்ன எண் 395 எச்பி, 515 நியூட்டன் மீட்டர். அதே 5 லிட்டர் வி8 அமெரிக்காவில் 435 எச்பி. கம்பெனியே நம் ஊர்ப் பெட்ரோலுக்கும் சூழலுக்கும் குறைத்துத்தான் கொடுத்தது. கிட்காரர் அச்சடித்த 600 அந்த 435 வண்டியில், அந்த ஊர்ப் பெட்ரோலில் வந்த எண். கிட் மாட்டுவதற்கு முன் உங்கள் வண்டியை ஒருமுறை டைனோவில் ஏற்றியிருந்தால் சக்கரத்தில் 320, 330 வந்திருக்கும், இன்று இந்தக் கேள்வியே பாதிக்குக் குறைந்திருக்கும். சரி, போனது போகட்டும்.

டைனோ எண்ணைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். டிரம்மைச் சுற்றவிட்டு அது எவ்வளவு வேகமாக வேகம் பிடிக்கிறது என்று கணக்கிடும் டைனோ ஒரு வகை, மின்காந்த பிரேக் போட்டுச் சுமை ஏற்றும் டைனோ இன்னொரு வகை. இரண்டிலும் ஒரே வண்டிக்கு ஒரே எண் வராது, முதல் வகை கொஞ்சம் தாராளமாகக் காட்டும் என்பது ட்யூனர்கள் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிக் கொடுப்பவர்கள்) நடுவே தெரிந்த சங்கதி. (மஸ்டாங் என்ற பெயரிலேயே ஓர் அமெரிக்க டைனோ கம்பெனி உண்டு, உங்கள் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கறிக்கடைக்குக் கடை தராசு மாறும், ஒரே தராசில் நிறுத்தால்தான் போன வாரத்தைவிட எடை கூடியதா என்று சொல்ல முடியும். அதனால் அடுத்த முறையும் அதே டைனோவுக்கே போங்கள். சென்னையில் நண்பர் வண்டிக்கு 510 வந்தது என்பதை வைத்து உங்கள் 462-ஐப் பேசிப் பிரயோஜனமே இல்லை.

அப்புறம் பிரிண்ட் அவுட்டின் மூலையில் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்கள் சங்கத்தின் முறை) என்று இருக்கிறது பாருங்கள். அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதத்தை வைத்து, 25 டிகிரி, 990 மில்லிபார் உலர்ந்த காற்றில் இந்த வண்டி எவ்வளவு கொடுத்திருக்கும் என்று திருத்தி எழுதிய எண் அது. கோவை நமக்கு இதமான ஊராகத் தெரியும், ஆனால் மதுரையைவிட ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று அந்த அளவுக்கு மெலிசு. மே மாதம் 36 டிகிரியில் அங்கே இந்தத் திருத்தம் 8, 9 சதவீதம் வரை போகும், மதுரையில் 38 டிகிரியில்கூட 5 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அதாவது உங்கள் 462-ல் மெஷின் உண்மையில் அளந்தது 425 சொச்சம், மீதி கணக்கில் ஏற்றியது. இது மோசடி இல்லை, முறைதான். எஸ்டிடி என்ற பழைய முறைக்கு மாற்றினால் அதே ரன்னே இன்னும் 4 சதவீதம் கூடத் தெரியும். விளம்பரப் படங்களில் எஸ்டிடி அதிகமாகத் தென்படுவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இனி பெட்ரோல். இங்கேதான் பலர் இன்ஜினைத் தொலைக்கிறார்கள். கிட் புத்தகத்தில் 93 ஆக்டேன் என்று இருக்கும். (ஆக்டேன் என்பது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்.) அது அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் 93. அங்கே இரண்டு விதச் சோதனை எண்களின் சராசரியை எழுதுவார்கள், நம் நாட்டில் ஆர்ஓஎன் என்கிற ஒன்றை மட்டும் எழுதுகிறோம், அது எப்போதுமே பெரிதாக இருக்கும். அவர்களுடைய 93 நம் கணக்கில் 97, 98. நம்முடைய பழைய 91 பெட்ரோல் அவர்கள் கணக்கில் வெறும் 87. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 95 என்பது தரம், அதுவும் கிட் கேட்பதைவிட இரண்டு மூன்று படி கீழேதான். உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம், 11-க்கு 1, சூப்பர்சார்ஜர் இல்லாமல் ஓட வடிவமைத்தது. அதன் மேல் 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம்) ஏற்றிக் குறைந்த ஆக்டேன் கொடுத்தால் நாக் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) ஆரம்பிக்கும், நாக் சென்சார் கேட்டதும் ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும், பவர் இறங்கும். காணாமல் போன அந்த 36-ல் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அது இறங்கியது நல்லதே, இறங்காமல் இருந்திருந்தால் பிஸ்டன் பேசியிருக்கும்.

100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது, பெருநகரங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் கிடைக்கும். அதை கேனில் வாங்கி வந்து ஊற்றி ட்யூன் செய்துவிட்டு, அப்புறம் மதுரையில் வழக்கமான பங்க்கில் போட்டு ஓட்டுவது தற்கொலை. தினமும் எந்த பங்க்கில் போடுகிறீர்களோ அந்தப் பெட்ரோலுக்குத்தான் ட்யூன். எத்தனால் கலந்ததால் எரிபொருளின் அளவும் கூடுதலாகத் தேவைப்படும், கிட்டோடு வந்த அமெரிக்க ட்யூன் 10 சதவீத எத்தனாலை நினைத்து எழுதியது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கிறதா என்று ட்யூனரிடம் கேளுங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தை 11.5, 12 என்று பேசாமல் லாம்டாவில் (பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண், 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) பேசச் சொல்லுங்கள், முழு பூஸ்ட்டில் 0.80-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எத்தனால் எவ்வளவு கலந்தாலும் லாம்டா மாறாது, மற்ற எண் குழப்பும்.

இப்போது நோய்க்கு வருவோம். 38 டிகிரி காற்றை 8 பிஎஸ்ஐ அழுத்தினால் சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும்போது அது 100 டிகிரியைத் தொடும். அதைக் குளிர்விக்க உங்கள் கிட்டில் தண்ணீர் இன்டர்கூலர் இருக்கிறது, அதற்குத் தனி மின் பம்ப், தனி டேங்க், முன்னால் பம்பருக்குள் தனி ரேடியேட்டர். முதல் ரன்னில் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்திருக்கும். இரண்டாவதில் சூடேறியது. மூன்றாவதில் இன்டர்கூலரே அடுப்பாகிவிட்டது. உள்ளே போகும் காற்று 50 டிகிரியிலிருந்து 75 ஆனால் அதன் அடர்த்தி 7 சதவீதம் குறையும். 462-ல் 7 சதவீதம் கழியுங்கள், 430 வரும். உங்கள் மூன்றாவது ரன் 428. இவ்வளவு பொருத்தமாக அமைவது எப்போதும் நடக்காது, டைமிங்கும் சேர்ந்து இறங்கியிருக்கும், ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எஸ்ஏஇ திருத்தம் இதைக் காப்பாற்றாது, அதன் சென்சார் அறையின் காற்றைத்தான் பார்க்கிறது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள்) எட்டிப் பார்ப்பதில்லை.

டைனோ அறையில் இருக்கும் ஃபேன் நெடுஞ்சாலைக் காற்றுக்கு ஈடாகாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அதனால் கொஞ்சம் இறங்குவது எல்லா வண்டிக்கும் உண்டு. 34 எச்பி இறங்குவது கொஞ்சம் இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு அழுத்தினால் வண்டி சோம்பலாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதே நோய்தான்.

செய்ய வேண்டியது: இக்னிஷனைப் போட்டு இன்டர்கூலர் டேங்கைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று பாருங்கள். அசையாமல் கிடந்தால் பம்ப் போயிருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம், அதைவிட அதிகமாகக் குழாயில் காற்று அடைத்திருக்கும், மாட்டும்போது காற்றைச் சரியாக வெளியேற்றாமல் விட்டால் இதுதான் நடக்கும். முன் ரேடியேட்டரின் இடுக்குகளில் பூச்சியும் தூசும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், மேலூர் நான்கு வழிச்சாலையில் ஒரு மாலை ஓட்டினால் போதும் நிறைந்துவிட. அப்புறம் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள்? பாதிக்குப் பாதி கூலன்ட் என்று கிட் புத்தகத்தில் இருக்கும், பனி உறையும் ஊர்க்காரர்கள் எழுதியது. மதுரையில் என்ன உறையப்போகிறது? வெறும் தண்ணீர்தான் வெப்பத்தை அதிகம் சுமக்கும், கூலன்ட் கூடக் கூட அந்தத் திறன் குறையும். துருப்பிடிக்காமல் இருக்கக் கால் பங்கு கூலன்ட், முக்கால் பங்கு டிஸ்டில்ட் வாட்டர் போதும். போர்வெல் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, உப்புப் படிந்து ஒரே வருஷத்தில் அடைக்கும்.

இதைச் சரிசெய்தபின் மறுபடி அதே டைனோ, முடிந்தால் காலை முதல் ஆளாக. டயர் காற்றழுத்தம் போன தடவை வைத்த அதே அளவு, கட்டும் ஸ்ட்ராப்பின் இறுக்கமும் அதே மாதிரி, அதிகம் இறுக்கினால் டயர் நசுங்கி அதிலேயே எச்பி போகும். நாலாவது கியரில் பூட்டி ஓட்டச் சொல்லுங்கள், உங்கள் ஆறு கியர் பாக்ஸில் அதுதான் 1-க்கு 1 விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் நழுவினால் கிராஃப் கன்னாபின்னாவென்று இருக்கும். டிரம்மில் சக்கரம் 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்றும், பழைய டயரோடு ஏற்றாதீர்கள், வீடியோ எடுக்க வருகிற நண்பர்கள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கக் கூடாது.

ரன்னுக்கும் ரன்னுக்கும் நடுவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இன்டேக் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். முதல் ரன் 48 டிகிரியில் ஆரம்பித்தால் அடுத்ததும் 48-க்கு இறங்கிய பிறகே. ஒவ்வொரு ரன்னோடும் ஆர்பிஎம், பூஸ்ட், இன்டேக் வெப்பம், டைமிங், நாக் திருத்தம், லாம்டா, த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கோணம் எல்லாம் பதிவாக வேண்டும், அந்தப் பதிவுதான் லாக் ஃபைல். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிந்தால் பெல்ட் நழுவுகிறது, அல்லது ஈசியூவே த்ராட்டிலை மூடுகிறது, இரண்டில் எது என்று த்ராட்டில் கோணம் காட்டிக்கொடுக்கும். லாம்டா 0.85-ஐத் தாண்டி மேலே போனால் ரன்னைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிடுங்கள், அந்தக் காசு போனால் போகட்டும்.

ஆர்சி விஷயமும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒரு விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறப்பார்.

புல்லி? இப்போது வேண்டாம். சின்ன புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் கூடும், காற்று இன்னும் சூடாகும், ஏற்கெனவே திணறுகிற இன்டர்கூலர் இன்னும் திணறும், 95 ஆக்டேனில் டைமிங் இன்னும் பின்னுக்குப் போகும். முதல் ரன்னில் ஒரு 475 காட்டலாம், மூன்றாவது ரன்னில் இப்போது வந்ததைவிடக் கீழே போகலாம். மூன்று ரன்னும் ஒன்றுக்கொன்று ஐந்தாறு எச்பிக்குள் நின்று, டைமிங்கும் இறங்காமல் இருந்தால் அப்போது அந்தப் பேச்சை எடுக்கலாம். ஒன்று, அடுத்த முறை பிரிண்ட் அவுட் படம் வேண்டாம், அதில் ஸ்மூத்திங் 5 போட்டுக் கோட்டை வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள், நாக் வந்த இடமெல்லாம் அதில் மறைந்துவிடும். லாக் ஃபைலையே அனுப்புங்கள்.