ஏத்தங்காய்க்காரர் வரும் நேரம்

கேள்வி: தக்கலைப் பக்கம் மூன்று வருஷமாக ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு, கன்னியாகுமரியில் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஆனி, ஆடி வந்தால் ஆர்டர் பாதியாகிறது, மனசும் விழுந்துவிடுகிறது. 'பாசிட்டிவா நினை, எல்லாம் தானா வரும்' என்கிறார் துபாயிலிருந்து வந்த மச்சான். தினமும் காலையில் தன்னம்பிக்கை வீடியோ பார்க்கிறேன். பத்து மணிக்கு ஏத்தங்காய்க்காரர் பணம் கேட்டு வந்து நின்றதும் எல்லாம் போய்விடுகிறது. மனதைத் தளராமல் வைத்துக்கொள்வது எப்படி?

பதில்: மச்சானுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, உங்களுக்கு ஏத்தங்காய்க்காரர் வருகிறார். அந்த வித்தியாசம் தெரியாதவரிடம் யோசனை கேட்டது முதல் தப்பு.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பக்கத்துக்குப் பக்கம் மனசு மனசு என்று வருகிறது, ஆனால் கடைகளிலிருந்து உங்களுக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை. 'கொஞ்சம் பாக்கி நிற்கிறது, கேட்க ஒரு மாதிரி இருக்கிறது' என்று போகிறபோக்கில் ஒரு வரி. ஏத்தங்காய்க்காரருக்கு உங்களிடம் கேட்க ஒரு மாதிரி இருக்கிறதா?

ஆனி, ஆடியில் கடற்கரையில் ஆள் குறைவது உங்கள் ராசி இல்லை, தென்மேற்குப் பருவமழை. கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும்போது உங்கள் சரக்கு பறந்ததே, அதுவும் உங்கள் மனவலிமையால் இல்லை. இந்தப் பக்கம் வரவு குறைந்து கிடக்கும்போதே ஓணத்துக்கு முன்னால் கேரளக்காரர்கள் வாங்க, ஏத்தங்காய் விலை ஏறும். இதெல்லாம் வருஷா வருஷம் வருவது. மூன்று வருஷத்து பில்லை எடுத்து, மாதவாரியாக எத்தனை கிலோ போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போன ஆடியைவிட இந்த ஆடி குறைந்திருந்தால் கவலைப்படுங்கள், கார்த்திகையோடு ஒப்பிட்டுவிட்டுப் போர்த்திப் படுக்காதீர்கள்.

மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் யாரையாவது போய்ப் பாருங்கள், பஸ்ஸில் கொஞ்ச தூரம்தானே. அங்கே தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை, ரப்பர் தளிர்விடும்போது இலைக்காம்பு நுனியில் சுரப்பதுதான். தை, மாசி, பங்குனி என்று கொஞ்ச நாள் அறுவடை. மழைக்காலத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது, சர்க்கரைப் பாகு வைத்து ஈயைக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சர்க்கரைக்கான காசைத் தேன் விற்ற பணத்திலேயே ஒதுக்கி வைத்தவருக்கு ஆடியில் தன்னம்பிக்கை வீடியோ தேவைப்படாது. உங்கள் கார்த்திகைப் பணம் எங்கே போனது? (கடிதத்தில் இருக்கிறது, புது பைக். சரி, விடுங்கள்.)

பாக்கிக்கு வருவோம். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்துவிட்டீர்களா? கட்டணம் கிடையாது. பதிவுக்குப் பிறகு கொடுக்கும் சரக்குக்கு, 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் கெடு ஏதும் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் கடற்கரைப் பெட்டிக்கடைக்காரரிடம் போய் இந்தச் சட்டத்தைப் பேசினால் அடுத்த வாரம் அங்கே வேறொருவர் சிப்ஸ் தொங்கும். சட்டப் பேச்சைப் பெரிய கடைகளோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடைக்கு நேரில் போங்கள், டீ குடியுங்கள், பழைய பாக்கியில் பாதி கைக்கு வந்த பிறகே புதுச் சரக்கை இறக்குங்கள். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது கடையில் சரியாகிவிடும்.

கடைசிப் பக்கத்தில், பல வாரமாகத் தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குக் கிண்டல் இல்லை. 14416-க்கு போன் போடுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். இல்லையென்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். நோட்டும் பாக்கியும் அதற்கு அப்புறம்.

மொத்தப் பாக்கி எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மச்சானிடம் சொல்ல வேண்டாம், கடன் கேட்பார்.