கான்வைலர் எங்கே இருக்கிறார்?

கேள்வி: பிக்காசோ 1910ஆம் ஆண்டில் தீட்டிய கான்வைலரின் உருவப்படத்தை ஒரு நூலில் பார்த்தேன். பழுப்பும் சாம்பலுமாகச் சில்லுகளே தெரிந்தன, மனிதரைக் காணவில்லை. இதை, எந்தப் பொருளையும் காட்டாத அரூப ஓவியம் என்று சொல்லாமல் உருவப்படம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: முகத்தைத் தேடித்தான் ஏமாந்திருப்பீர்கள். படத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். அங்கே ஒன்றோடொன்று கோத்து வைத்த இரு கைகள் தெரியும். அவற்றுக்குச் சற்று மேலே கடிகாரச் சங்கிலியின் வளைவும், அதற்கும் மேலே கழுத்துப்பட்டையின் முடிச்சும், உச்சியில் வாரிவிட்ட தலைமயிரின் அலையும் வரிசையாக வரும். இவை கண்ணில் பட்டதும், நாற்காலியில் நேராக அமர்ந்து கைகளை மடியில் வைத்திருக்கும் ஒருவர் அந்தச் சில்லுகளுக்கிடையே தாமாகவே உருக்கொள்கிறார். மேலே இடப்புறத்தில் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் மரச்சிற்பம் ஒன்றும், கீழே இடப்புறத்தில் அசையாப் பொருள்கள் சிலவும் இருக்கின்றன.

இந்த அடையாளங்கள் உருவம் சிதைந்தபின் மிஞ்சிய எச்சங்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடந்தது ஏறக்குறைய நேர்மாறானது. 1910ஆம் ஆண்டின் கோடையை பிக்காசோ ஸ்பெயினின் கடற்கரை ஊரான கடாக்கேஸில் கழித்தார். அங்கே அவர் தீட்டிய படங்களில் பொருள்களை இனங்காண்பது மிகக் கடினம். இன்னும் ஓரடி வைத்திருந்தால் முழு அரூபத்துக்குள் நுழைந்திருப்பார். அந்தப் படங்களில் நிறைவு காணாமலே அவர் பாரிஸ் திரும்பினார் என்று பின்னாளில் எழுதி வைத்தவர் வேறு யாருமல்லர், ஓவிய வணிகரான இந்தக் கான்வைலர்தான். அந்த இலையுதிர்காலத்தில் தீட்டிய இப்படத்தில், கைகளையும் தலைமயிரையும் போன்ற அடையாளங்களைப் பார்ப்பவர் பற்றிக்கொள்வதற்காகத் தாமே பிறகு சேர்த்ததாகப் பிக்காசோவும் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே அரூபத்தின் வாசல் வரை போய்விட்டு, அங்கிருந்து தெரிந்தே திரும்பிய ஒருவரின் படம் இது. இதற்காகக் கான்வைலர் முப்பது முறை வரை அவர்முன் அமர்ந்தார் என்பார்கள். எதிரே இருப்பவரின் தோற்றம் தேவையில்லை என்று எண்ணிய ஓவியர் அத்தனை முறை ஒருவரை உட்கார வைத்திருக்க மாட்டார் என்பது என் கருத்து.

இதே 1910இல் வொலார் என்ற மற்றோர் ஓவிய வணிகரையும் பிக்காசோ தீட்டினார். மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ள அப்படத்தில் வழுக்கைத் தலையும் கனத்த இமைகளும் பார்த்தவுடன் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: வொலாரை முகத்தால் அறிகிறோம், கான்வைலரைக் கைகளாலும் சங்கிலியாலும் அறிகிறோம். இரண்டாவது படம் எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

கேள்வி: அழகான நிறங்களை விட்டுவிட்டு இப்படி மங்கலாகத் தீட்டியது ஏன்?

பதில்: உருவத்தையும் அதைச் சூழ்ந்த வெளியையும் ஒரே இழையில் நெய்ய முடியுமா என்பதே அந்த ஆண்டுகளில் பிக்காசோவும் அவருடைய சக ஓவியர் பிராக்கும் ஆராய்ந்த கேள்வி. கோட்டுக்குக் கருநீலமும் முகத்துக்குத் தோலின் நிறமும் கொடுத்துவிட்டால், அந்த நிறங்களே உருவத்தைச் சுவரிலிருந்து வெட்டிப் பிரித்துவிடும். பழுப்பு, சாம்பல், கறுப்பு, வெள்ளை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டதால்தான் தோள் எங்கே முடிகிறது, பின்புறம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொரு தளமும் அடுத்ததற்குள் கசிகிறது. தளங்களின் ஓரத்தை மூடாமல் திறந்து விடும் இந்த உத்தியை அவர்கள் முந்தைய தலைமுறை ஓவியரான செசானிடமிருந்து பெற்றார்கள். அச்சில் பார்க்கும்போது இந்த நுட்பமான நிறவேறுபாடுகள் பெரும்பாலும் ஒரே சேறாகிவிடும் என்பதால், உங்கள் ஏமாற்றத்தில் நூலின் அச்சுக்கும் பங்கிருக்கலாம்.

கேள்வி: இந்தக் கான்வைலர் யார்? படம் இப்போது அவருடைய குடும்பத்தாரிடம் இருக்கிறதா?

பதில்: இல்லை. ஜெர்மனியில் பிறந்த கான்வைலர் 1907இல் பாரிஸில் ஒரு சிறு காட்சிக்கூடம் திறந்து, பொருள்களை இப்படிச் சில்லுகளாகப் பிரித்துத் தீட்டிய கியூபிச ஓவியர்களின் படங்களை வாங்கி விற்றவர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவர் ஜெர்மானியக் குடிமகன் என்பதால் அவரது கையிருப்பு முழுவதையும் பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்து, 1921 முதல் 1923 வரை நான்கு ஏலங்களில் விற்றது. ஒரே நேரத்தில் அத்தனை படங்கள் சந்தைக்கு வந்ததால் விலைகள் சரிந்தன. அப்படியும் தம் படங்களில் பெரும்பாலானவற்றை அவரால் மீட்க முடியவில்லை. அவ்வாறு கைநழுவிப் போனவற்றுள் அவருடைய இந்த உருவப்படமும் ஒன்று. 1948இல் அது சிகாகோ கலைக் கழகத்துக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.