மேடைக்கு மட்டும் நரை

முள்ளியவளைப் பக்கம் பள்ளிக்கூட நாடகங்களுக்கும் கூத்துக்கும் ஒப்பனை செய்துவருகிறேன். இளம் தலையை ஓரிரவுக்கு நரைக்க வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஒரு ரீச்சர்: வற்றாப்பளை அம்மன் கதையைப் பிள்ளைகள் நடிக்கிறார்கள். கிழவியாக வருபவளுக்கு 15 வயது. பவுடர் போட்டால் மாச்சட்டிக்குள் தலையை விட்டவள் மாதிரி இருக்கிறாள். என்ன செய்யலாம்?

ரீச்சர், இந்தக் கதையில் தலைதான் முக்கியம். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் அம்மன் கிழவியாக வந்து பேன் பார்க்கச் சொல்கிறாள்; மயிரை விலக்கினால் தலை நிறையக் கண்கள். சபை முழுக்க அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருக்கும். பவுடர் என்றால் விலக்கும்போதே கொட்டிவிடும்.

முதல்நாளே எண்ணெய் போக முழுகிக் காயவிடுங்கள். எண்ணெய்த் தலையில் எதுவும் ஒட்டாது, திரண்டு நிற்கும். முகத்துக்குப் பூசுகிற, தண்ணீரில் கரையும் வெள்ளைச் சாயத்தில் ஒரு பொட்டுக் கறுப்பைக் கலவுங்கள். தனி வெள்ளை மேடை வெளிச்சத்தில் சுண்ணாம்பு மாதிரித் தெரியும். பழைய பல் தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு, வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள். நெற்றியோரம், காதுக்கு மேலே, வகிடு, இந்த மூன்றும் முதலில். அப்புறம் மேல்மயிரைத் தூக்கிக் கட்டிவிட்டு உள்மயிருக்கும் பூசுங்கள், விலக்கும் காட்சி இருக்கிறதே.

எல்லாவற்றையும் மூடிப் பூசிவிடாதீர்கள். நரை என்பது கறுப்பு மயிருக்கு நடுவே வெள்ளை மயிர் நிற்பது. தள்ளி நின்று பார்க்கும்போதுதான் அது சாம்பலாகத் தெரிகிறது. இடையிடையே கறுப்பை விட்டால்தான் கிழவி உயிரோடு வருவாள். புருவத்தையும் மறக்க வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: எனக்குத் தகப்பன் வேசம், 50 வயது. தலை முழுக்க நரைக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. கிருதாவும் நாடித் தாடியும் போதும்.

ஒரு தங்கச்சி: கடையில் வெள்ளை ஸ்பிரே வாங்கிவிட்டேன். மேடையில் விளக்கு ஏற்றும் காட்சியும் உண்டு.

அப்படியென்றால் எனக்கு விருப்பமில்லை. அந்த டப்பாக்களில் தள்ளுவாயு பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன், இரண்டும் தீப்பற்றும். அடித்தே ஆக வேண்டுமென்றால் வெளியில் நின்று, கண்ணையும் மூக்கையும் துணியால் மூடி, ஒரு அடி தள்ளிப் பிடித்து அடியுங்கள். முழுக்கக் காய்ந்தபிறகும் ஸ்பிரே அடித்தவரை விளக்குக்குக் கிட்ட விடாதீர்கள்.

ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு: மகனுக்கு 7 வயது, முட்டு (ஆஸ்துமா) உள்ளவன். பவுடர் போடலாமா?

போடாதீர்கள் அக்கா. பவுடர்த் தூசி சுவாசத்தோடு உள்ளே போகும், ஸ்பிரேயும் அப்படித்தான். ஈரமாகப் பூசும் சாயம் மட்டும். அதையும் முதல்நாள் முழங்கையின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொருவர்: பற்பசை, சுவர்ப் பெயின்ற்?

இரண்டும் கூடாது. வியர்வையில் பற்பசை கண்ணுக்குள் இறங்கி எரிக்கும். பெயின்ற் மயிரை வெட்டித்தான் எடுக்க வரும்.

கடைசியாக ஒரு அண்ணை: சவர்க்காரம் போட்டு முழுகியும் வெள்ளை போகவில்லை.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீராக இருக்கும். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தலையில் தங்கிவிடும், நீங்கள் பார்ப்பது அதுவாகவும் இருக்கலாம். முதலில் வெறும் தண்ணீரால் அலசி, அப்புறம் ஷாம்பூ போடுங்கள். ஸ்பிரே என்றால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சீப்பால் வாரிவிட்டு முழுகுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊற்றினால் கண் தப்பும்.