ஸ்டாம்பீட் நிகழ்ச்சித்தாள்: 1983-ஆ, 1988-ஆ?

கனடாவின் கால்கரியில் இயங்கிய ஸ்டாம்பீட் மல்யுத்த நிறுவனத்தின் நிகழ்ச்சித்தாள் எந்த ஆண்டுடையது என்று கேட்டிருக்கிறீர்கள். கிழமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் பெயர்களைப் பாருங்கள். உங்கள் கால்கரி நிகழ்ச்சித்தாளில் "டிசம்பர் 30, வெள்ளி" என்று மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். 1983, 1988 இரண்டுக்கும் மார்ச் முதல் டிசம்பர் வரை ஒரே நாட்காட்டி. மூலையில் பென்சிலால் "1983" என்று எழுதியவர் பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டு எழுதியிருப்பார், அவ்வளவுதான்.

டைனமைட் கிட், டேவி பாய் ஸ்மித் ஆகிய மல்யுத்த வீரர்களின் பெயர்கள் உதவாது. இருவரும் 1984-க்கு முன்பும் அங்கே ஆடினார்கள், டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தை விட்டு 1988 கடைசியில் திரும்பியும் வந்தார்கள்.

1. கிறிஸ் பென்வா அல்லது பிரையன் பில்மன் பெயர் ஒரு மூலையில் இருந்தாலும் 1983 இல்லை. பென்வா 1985-லும் பில்மன் 1986-லும்தான் அறிமுகம்.

2. ஸ்டாம்பீட்டை நடத்திய ஸ்டூ ஹார்ட்டின் மகன் பிரெட் ஹார்ட் அன்றைய போட்டிப் பட்டியலில் இருந்தால் 1983. 1988-ல் அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ல் இருந்தார். (பழைய படமோ குடும்ப விளம்பரமோ கணக்கில்லை.)

இந்தப் பெயர்கள் எதுவும் இல்லையென்றால் அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம், விளம்பரங்களைப் பாருங்கள். அச்சிட்ட பட்டியல் அறிவிப்பு மட்டுமே. ஆள் வராமல் போட்டி மாறுவது ஸ்டூ ஹார்ட் காலத்திலும் சகஜம். ஆண்டு தெரிந்தாலும் முடிவுகளை அதிலிருந்து எழுதிவிடாதீர்கள்.